போனுக்காகப் பிறந்த ஆர்பிஜி டிவிக்குப் போனது ஏன்? ஃபேன்டேசியன்: ஒரு நிகழ்வு ஆய்வு

2021 ஏப்ரல் 2ஆம் தேதி ஆப்பிளின் சந்தா விளையாட்டுச் சேவையான ஆர்கேடில் ஃபேன்டேசியன் என்ற விளையாட்டு வெளியானது. செய்தது மிஸ்ட்வாக்கர் என்ற ஜப்பானிய நிறுவனம். அதை 2004இல் தொடங்கிய ஹிரோனொபு சகாகுச்சிதான் 1987இல் ஃபைனல் ஃபேன்டசி விளையாட்டு வரிசையைத் தொடங்கிவைத்தவர். இசை நொபுவோ உவெமட்சு. டர்ன் பேஸ்டு ஆர்பிஜி, அதாவது பாத்திரங்களை வளர்த்து, முறைவைத்துச் சண்டையிடும் கதை விளையாட்டு என்ற வகையை வளர்த்தெடுத்தவர்களில் இருவர், அந்த வகையில் ஒரு முழுநீள விளையாட்டை ஐபோனில் விரலால் ஆடும்படி செய்தார்கள். மூன்றரை வருடம் கழித்து, 2024 டிசம்பர் 5ஆம் தேதி, அதே விளையாட்டு ‘நியோ டைமென்ஷன்’ என்ற பின்னொட்டோடு பிளேஸ்டேஷன், ஸ்விட்ச், எக்ஸ்பாக்ஸ், ஸ்டீம் என்று எல்லாப் பக்கமும் போனது. இந்த முறை வெளியிட்டது ஃபைனல் ஃபேன்டசியை வெளியிடும் ஸ்கொயர் எனிக்ஸ்.

டர்ன் பேஸ்டு ஆர்பிஜி போனுக்கு ஒத்துவருமா என்று கேட்டால், ‘போனுக்கென்றே செய்த வகை ஆயிற்றே’ என்பார்கள். எதிரி ஒரு அடி அடித்துவிட்டு நிற்பான். உங்கள் கட்டளை வரும்வரை எதுவும் நகராது. விரல் வேகம் தேவையில்லை. நடுவில் அழைப்பு வந்தால் பேசிவிட்டு வரலாம். எல்லாம் உண்மைதான். அப்படியென்றால், இந்த வகையைக் கரைத்துக் குடித்தவர்கள் தொடுதிரையை மனதில் வைத்தே செய்த விளையாட்டுக்கு வேறு திரை எதற்கு?

வியாபாரக் காரணம் ஒன்று வெளிப்படையாகவே இருக்கிறது. ஆர்கேட் ஆப்பிள் கருவிகளுக்குள் அடங்கிய சந்தா. கையில் ஆண்ட்ராய்டு போன் இருப்பவர் ஃபேன்டேசியனை எட்டிக்கூடப் பார்க்க முடியாது. பெரிய சந்தையைத் தேடிப் போனார்கள் என்று சொல்லி முடித்துவிடலாம். ஆனால் விளையாட்டைப் பிரித்துப் பார்த்தால் இன்னொரு காரணமும் தெரிகிறது. என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: டர்ன் பேஸ்டு சண்டை போனுக்கு நன்றாகவே ஒத்துவருகிறது. சண்டைக்கு வெளியே இருக்கிற ஆர்பிஜி, அதாவது நடை, சேவ், நீளம், தோற்றால் திரும்பச் செய்யவேண்டியது, இவைதான் போனோடு மல்லுக்கட்டுகின்றன. ஃபேன்டேசியன் முதல் பாதியான சண்டையை அருமையாகத் தீர்த்தது. இரண்டாவது பாதியான மற்றவற்றில் பழைய கன்சோல் (டிவியில் இணைத்து ஆடும் கருவி) பழக்கத்தை விடவில்லை.

கட்டளைப் பட்டியலிலிருந்து விரலுக்கு

1986இல் யூஜி ஹோரி முதல் டிராகன் குவெஸ்டைச் செய்தபோது கையில் இருந்தது நின்டெண்டோவின் ஃபாமிகாம் கன்சோலுடைய கன்ட்ரோலர். திசைக்கு ஒரு சிலுவை, வேலைக்கு இரண்டு பட்டன். கணினியில் விசைப்பலகையை வைத்து ஆடிய ஆர்பிஜிகளை அதற்குள் அடக்க அவர் கையாண்ட வழி கட்டளைப் பட்டியல்: தாக்கு, மந்திரம், பொருள், ஓடு. பட்டன் இல்லாத குறையை மெனு ஈடுகட்டியது. போனில் பட்டனே கிடையாது, ஆனால் மெனுவைத் தொடலாம். அதனால் பழைய டர்ன் பேஸ்டு விளையாட்டுகளைப் போனுக்குக் கொண்டுவருவது, ஓடிக் குதிக்கும் விளையாட்டைக் கொண்டுவருவதைவிட எப்போதுமே சுலபம். கண்ணாடிமேல் ஒரு பொய் ஜாய்ஸ்டிக்கை வரைந்து, அதை விரல் தேடித் தேடித் தவறவிடும் அவஸ்தை சண்டைக்குள் இல்லை.

வன்பொருள் பக்கமும் ஒரு லாபம் உண்டு, இதை யாரும் அதிகம் பேசுவதில்லை. நொடிக்கு 60 பிரேம் ஓடினாலும் 30 ஓடினாலும் ‘தாக்கு’ என்ற முடிவு மாறாது. தொட்டதற்கும் திரை பதில் சொல்வதற்கும் இடையே கொஞ்சம் தாமதம் இருந்தாலும் யாரும் சாகப்போவதில்லை. துப்பாக்கிச் சண்டையில் ஒரு சுமாரான போன் உங்களைத் தோற்கடிக்கும். இங்கே அது நடக்காது. பிரேமைக் குறைத்து வைத்து பேட்டரியையும் சூட்டையும் மிச்சம் பிடிக்கலாம்.

ஒரு சின்ன விதிவிலக்கு. எல்லாப் பழைய ஆர்பிஜியும் முழுசாக முறைவைத்து ஆடுவதல்ல. 1991இல் ஃபைனல் ஃபேன்டசி 4க்காக ஹிரோயுகி இட்டோ கொண்டுவந்த ஏடிபி முறையில் ஒவ்வொரு வீரனுக்கும் ஒரு நேரப் பட்டை நிரம்பிக்கொண்டே இருக்கும். நீங்கள் மெனுவில் யோசித்தால் எதிரி யோசிக்காமல் அடிப்பான். மெனு திறந்திருக்கும்போது நேரத்தை நிறுத்தும் ‘வெயிட்’ அமைப்பு இருக்கிறது, போனில் ஆடுபவர் முதல் வேலையாக அதைப் போட்டுவிடுவது நல்லது. இல்லாவிட்டால், காத்திருக்கும் விளையாட்டு என்று நம்பி வந்தவருக்கு அது காத்திருக்காது.

விரல் இழுக்கும் கோடு

ஃபேன்டேசியன் இந்த ஏடிபி பக்கம் போகவில்லை. யாருக்குப் பிறகு யார் அடிக்கப் போகிறார்கள் என்ற வரிசை திரையிலேயே தெரியும். நேரம் உண்மையிலேயே நிற்கும். அதற்குமேல் அவர்கள் செய்ததுதான் விஷயம்.

பழைய பாணியில் இலக்கைத் தேர்ந்தெடுப்பது என்றால் எதிரிகளின் பட்டியலில் ஒன்றைத் தொடுவது. ஃபேன்டேசியனில் பல தாக்குதல்களுக்கு ஒரு பாதை இருக்கிறது. சில நேர்கோட்டில் துளைத்துக்கொண்டு போகும், சில வட்டமாகப் பரவும், சிலவற்றை வளைக்கலாம். உதாரணமாக, எதிரே ஆறு பேர் கலைந்து நிற்கிறார்கள். முன்னால் கவசத்தோடு ஒருவன். மந்திரத்தைத் தேர்ந்தெடுத்ததும் உங்கள் வீரனிலிருந்து ஒரு கோடு கிளம்புகிறது. விரலை வைத்து இழுத்தால் கோடு வில்லாக வளைந்து, கவசக்காரனைச் சுற்றிக்கொண்டு பின்வரிசையை உரசுகிறது. இன்னும் ஒரு நூலளவு வெளியே தள்ளினால் நான்காவது ஆளும் மாட்டுவான், ஆனால் முதல் ஆள் தப்பிவிடுவான். எது லாபம்? எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் கோட்டை அப்படியும் இப்படியும் ஆட்டிப் பார்த்துவிட்டு விடலாம்.

இது தொடுதிரையில்தான் இயல்பாக வரும். விரல் எங்கே இருக்கிறதோ அங்கே கோடு. கன்ட்ரோலரில் அதே காரியத்தை ஸ்டிக்கைத் தள்ளித் தள்ளிச் செய்யவேண்டும். செய்ய முடியும், ஆனால் அந்த நேரடித் தொடர்பு அறுந்துவிடும். போனிலும் ஒரு தொல்லை இல்லாமலில்லை. இலக்கு இருக்கும் இடத்தையே விரல் மறைக்கும். சின்ன ஐபோனில் பின்வரிசையில் இருக்கும் குட்டி எதிரி விரலுக்குக் கீழே போய்விடுவான். கட்டைவிரலை விட்டுவிட்டு ஆள்காட்டி விரலால் ஆட ஆரம்பிப்போம், அப்போது போனைப் பிடிக்க இன்னொரு கை வேண்டும். அதாவது ஒரு கையால் ஆடலாம் என்ற கணக்கு இங்கேயே முடிந்துவிடுகிறது.

மிஸ்ட்வாக்கருக்கு இந்தக் கோடு திடீரென்று தோன்றிய யோசனை இல்லை. 2014இலேயே டெர்ரா பேட்டில் என்ற மொபைல் விளையாட்டை அவர்கள் வெளியிட்டிருந்தார்கள். கட்டங்களின் மேல் வீரனை விரலால் இழுத்துக்கொண்டு போய், எதிரியை இரண்டு பக்கமும் நெருக்கிப் பிடித்தால் அடி விழும். கண்ணாடிமேல் இழுப்பது எப்படி இருக்கும் என்பதை அவர்கள் ஏற்கனவே கற்றிருந்தார்கள்.

சண்டையைத் தள்ளிப்போடும் பெட்டி

ஜப்பானிய ஆர்பிஜியை வெறுப்பவர்கள் முதலில் சொல்லும் குறை, நடந்துகொண்டிருக்கும்போதே திடீர் திடீரென்று குறுக்கிடும் சண்டை. நாலு அடி வைத்தால் சண்டை. புதையல் பெட்டி கண்ணுக்குத் தெரிகிறது, போய்ச் சேர்வதற்குள் மூன்று சண்டை. டிவி முன்னால் சாவகாசமாக உட்கார்ந்திருப்பவருக்கே இது எரிச்சல். போனில் கிடைக்கும் ஐந்து நிமிடத்தில் இது கொடுமை. எங்கே போய்க்கொண்டிருந்தோம் என்பதே மறந்துவிடும்.

ஃபேன்டேசியன் இதற்குக் கொடுத்த விடை டைமென்ஜியன் என்ற கருவி. ஏற்கனவே ஒருமுறை சந்தித்த வகை எதிரி குறுக்கே வந்தால், சண்டை தொடங்காமல் அவன் நேராக அந்தக் கருவிக்குள் போய்விடுவான். நீங்கள் நடந்துகொண்டே இருக்கலாம். உள்ளே சேர்பவர்களுக்கு ஆரம்பத்தில் 30 என்ற வரம்பு. நிறைந்துவிட்டால் கட்டாயம் இறங்கி அத்தனை பேரையும் ஒரே மூச்சில் சந்திக்கவேண்டும். அதற்கு முன்பே, எப்போது தோன்றுகிறதோ அப்போதும் இறங்கலாம்.

முதலில் பார்க்கும்போது இது வெறும் சொகுசு மாதிரித் தோன்றும். உண்மையில் இதில் இரண்டு புத்திசாலித்தனம் இருக்கிறது. முதலாவது, 30 பேர் ஒரே களத்தில் கூட்டமாக நிற்கும்போதுதான் அந்த வளையும் கோட்டுக்கும் துளைக்கும் அடிக்கும் முழு மதிப்பு வருகிறது. மூன்று பேர் நின்றால் கோட்டை எப்படிப் போட்டாலும் ஒன்றுதான். முப்பது பேர் நின்றால் ஒரே அடியில் ஏழெட்டுப் பேரைக் கோர்க்க முடியும், அந்தத் திருப்தி வேறு. களத்தில் அங்கங்கே மிதக்கும் சில பொருள்களையும் சேர்த்து அடித்தால் பலம் கூடும், கூடுதல் முறை கிடைக்கும் என்று சலுகைகளும் உண்டு. சலிப்பான வேலையாக இருந்த கிரைண்டிங், அதாவது பலம் சேர்க்கத் திரும்பத் திரும்பச் சண்டையிடுவது, ஒரு புதிராக மாறிவிட்டது.

இரண்டாவதுதான் போன் சம்பந்தப்பட்டது. நடையையும் சண்டையையும் இரண்டு தனித்தனி அமர்வாக இது பிரித்துவிடுகிறது. நேரம் கொஞ்சமாக இருக்கும்போது ஊரைச் சுற்றிப் பார்க்கலாம், புதையல் பெட்டி திறக்கலாம், கதையை நகர்த்தலாம். பதினைந்து நிமிடம் நிம்மதியாகக் கிடைக்கும்போது டைமென்ஜியனுக்குள் இறங்கிக் கணக்கைத் தீர்க்கலாம். எப்போது எதை ஆடுவது என்ற தேர்வை விளையாட்டிடமிருந்து வாங்கி ஆடுபவர் கையில் கொடுத்திருக்கிறார்கள். போனுக்கான ஆர்பிஜி வடிவமைப்பில் நான் பார்த்தவற்றில் இதைவிடச் சிறந்த யோசனை இல்லை. மற்றவர்கள் இதை ஏன் இன்னும் காப்பியடிக்கவில்லை என்பது எனக்கு விளங்கவே இல்லை.

150 டயோரமா, ஆறு அங்குலம்

ஃபேன்டேசியனின் பின்னணிகள் கணினியில் வரைந்தவை அல்ல. 150க்கும் மேற்பட்ட டயோரமாக்களை, அதாவது சின்ன மாதிரி உலகங்களை, கைவினைஞர்கள் உண்மையான பொருள்களைக்கொண்டு செய்தார்கள். ஜப்பானிய ராட்சதப் படங்களுக்குச் சின்ன நகரம் கட்டிப் பழகிய கைகளும் அதில் இருந்தன. அவற்றைப் படம்பிடித்து, முப்பரிமாணமாக ஸ்கேன் செய்து, அதற்குள் கதாபாத்திரங்களை நடக்கவிட்டார்கள்.

அழகில் குறை சொல்ல ஒன்றுமில்லை. இடம்தான் பிரச்சினை. ஒரு மேசையை அடைத்து நிற்கும் மாதிரிக் கிராமத்தை, அதன் ஒட்டுமரத்தையும் பெயின்ட் தீற்றலையும், ஆறங்குலத் திரையில் காட்டினால் பாதி உழைப்பு கண்ணுக்கே எட்டாது. கேமரா டயோரமாவின் ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்குத் தாவும்போது நம் ஆள் எங்கே நிற்கிறான் என்று ஒரு கணம் தேடவேண்டியிருக்கும். திரையில் ஒரு இடத்தைத் தொட்டால் அவனே அங்கே நடந்து போவான் என்பது நல்ல ஏற்பாடு. ஆனால் கேமரா தாவியதும் ‘அங்கே’ என்பது வேறு இடமாகிவிடும், அவன் வந்த வழியே திரும்பி நடப்பான். ஐபேடில் இந்தத் தொல்லை பெருமளவு குறைகிறது. பொருளின் தரத்தைத் திரையின் அளவு விழுங்கிய இடம் இது.

போனில் எதிர்பாராமல் பிரமாதமாக அமைந்த பகுதி, நினைவுக் காட்சிகள். கதாநாயகன் லியோ நினைவிழந்தவன். மற்றவர்களின் கடந்த காலம் படக்கதைப் புத்தகம்போல, எழுத்தும் ஓவியமும் இசையுமாக வரும். ஹெட்போனை மாட்டிக்கொண்டு போனில் படிப்பது நமக்கு ஏற்கனவே பழகிய காரியம். சோபாவில் உட்கார்ந்து டிவியில் பத்தி பத்தியாகப் படிப்பதைவிட இது இயல்பாக இருக்கிறது.

விளையாட்டு காத்திருக்கும், போன் காத்திருக்காது

‘நடுவில் விட்டுவிட்டுப் போகலாம்’ என்று எல்லோரும் சொல்கிறார்களே, அதில்தான் ஓட்டை இருக்கிறது.

போனில் ஒரு விளையாட்டிலிருந்து வெளியே வந்தால் அது பின்னணிக்குப் போகும். பின்னணியில் இருக்கும் செயலி எதையும் நினைவகம் போதாதபோது மூடிவிடும் உரிமையை ஐஓஎஸ், ஆண்ட்ராய்டு இரண்டுமே வைத்திருக்கின்றன. கேமராவைத் திறக்கிறீர்கள், ஒரு வீடியோ பார்க்கிறீர்கள், பணம் அனுப்புகிறீர்கள், திரும்பி வருகிறீர்கள். நீங்கள் விட்டுவந்த சண்டை இருக்காது. தலைப்புத் திரை இருக்கும். பெரிய முப்பரிமாண விளையாட்டு நிறைய நினைவகம் தின்னும் என்பதால் முதலில் பலியாவதும் அதுவாகத்தான் இருக்கும். ரேம் குறைந்த போனில் இது அன்றாடம் நடப்பது. உங்கள் முறைக்காகப் பொறுமையாக நின்ற எதிரியை இயங்குதளம் அரங்கோடு சேர்த்துத் துடைத்துப் போட்டுவிடும்.

ஆகவே முறை நிற்பது மட்டும் போதாது. எந்த நொடியில் அறுந்தாலும் அதே இடத்திலிருந்து தொடரும் சேவ் வேண்டும். இதைத் தெளிவாகக் காட்டும் பழைய உதாரணம் ஒன்று. 1990இல் வந்த ஃபைனல் ஃபேன்டசி 3இன் கடைசிப் பகுதி பெயர்போனது. பளிங்குக் கோபுரத்தில் ஏறத் தொடங்கினால், அதன்பின் இருள் உலகத்தைக் கடந்து கடைசி எதிரியை முடிக்கும்வரை சேவ் செய்யவே முடியாது. மணிக்கணக்கில் ஆடி, கடைசியில் தோற்றால் எல்லாம் போச்சு. அதே விளையாட்டு 2021 ஜூலையில் ‘பிக்சல் ரீமாஸ்டர்’ வரிசையில் போனுக்கு வந்தபோது மெனுவிலிருந்து உடனடி சேவ் வந்தது. ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு மாறும்போது தானாகவும் சேவ் ஆனது. சண்டை விதிகளை அடியோடு மாற்றவில்லை. அந்தக் கோபுரம் போனில் ஏறக்கூடியதாக ஆனதற்கு இந்த ஒன்றே போதுமானதாக இருந்தது. ஒரு ஆர்பிஜி போனுக்கு ஒத்துவருமா என்று பார்க்கும்போது சண்டை மெனுவுக்கு முன்னால் சேவ் மெனுவைப் பாருங்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

அப்போதும் சண்டைக்குள் சேவ் கிடையாது. இரண்டு நிமிடச் சண்டைக்கு இது பொருட்டில்லை. ஃபேன்டேசியனின் பாஸ் (பெரிய எதிரி) சண்டைகளுக்கு இது பெரிய பொருட்டு.

அந்த பாஸ்களை ஒரே மாதிரி அடித்து வீழ்த்த முடியாது. ஒவ்வொன்றும் ஒரு புதிர். எந்தத் தாக்குதலுக்கு அது எப்படித் திருப்பி அடிக்கிறது, எந்தக் கட்டத்தில் குணம் மாறுகிறது என்று தோற்றுத்தான் கற்கவேண்டும். பாதிக்குமேல் போய், யாரையெல்லாம் எந்த வரிசையில் குணப்படுத்த வேண்டும் என்ற கணக்கைத் தலையில் சுமந்துகொண்டிருக்கும்போது ஓர் அழைப்பு வந்தால், செயலி பிழைத்தாலும் கணக்கு பிழைக்காது. பேசி முடித்துத் திரும்பினால் ‘இப்போது எதற்காகத் தடுப்பு மந்திரம் போட்டேன்?’ என்று நாமே நம்மைக் கேட்டுக்கொள்வோம். டர்ன் பேஸ்டு என்பது விரலின் அவசரத்தை நீக்குகிறது, சரி. கவனத்தின் நீளத்தை அது குறைப்பதில்லை, சொல்லப்போனால் கூட்டுகிறது. செஸ் போட்டியை நடுவில் விட்டுவிட்டு மறுநாள் வந்து உட்கார்ந்தால் என்ன ஆகுமோ அதுதான் இங்கேயும்.

ஃபேன்டேசியன் இரண்டு பகுதிகளாக வெளியானது. இரண்டாம் பகுதி 2021 ஆகஸ்ட் 13இல் வந்தபோது இந்தச் சுமை இன்னும் ஏறியது. முதல் பகுதி கதையைப் பிடித்துக்கொண்டு நேராகப் போகும். இரண்டாம் பகுதியில் உலகம் திறந்துகொள்கிறது, யாருக்கு எந்தத் திறனை வளர்ப்பது என்ற திட்டமிடல் பெருகுகிறது, பாஸ்கள் கடுமையாகின்றன. முதல் பகுதியைப் போனிலேயே முடித்தவர்களில் பலர் இரண்டாம் பகுதிக்குக் கன்ட்ரோலரையும் பெரிய திரையையும் தேடினால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. ஆப்பிளும் அதற்கு வழி வைத்திருந்தது: அதே சந்தாவில் ஐபேட், மேக், ஆப்பிள் டிவி என எதிலும் ஆடலாம், சேவ் கூடவே வரும்.

ஒற்றைக் கை டிராகன் குவெஸ்ட்

எதிர்த்திசையில் போன ஒரு விளையாட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். டிராகன் குவெஸ்ட் 8, 2004இல் பிளேஸ்டேஷன் 2க்கு வந்தது. பெரிய டிவிக்காகச் செய்த பரந்த முப்பரிமாண உலகம். 2013 டிசம்பரில் அது ஜப்பானில் போனுக்கு வந்தபோது, செய்தவர்கள் திரையை நிமிர்த்திவிட்டார்கள். போனைப் படுக்கைவாக்கில் திருப்பவே வேண்டாம். நெரிசலான ரயிலில் ஒரு கை பிடியில் தொங்க, மறு கைக் கட்டைவிரல் மட்டும் ஆடும் நாட்டில் இது நன்றாக யோசித்த முடிவு.

இழப்பும் இருந்தது. நிமிர்ந்த திரையில் வானமும் புல்லும் தாராளமாகத் தெரியும், இடமும் வலமும் குறுகிவிடும். புல்வெளியின் அகலம்தான் அந்த விளையாட்டின் பெரிய சுகமே. மேற்கத்திய பிளேஸ்டேஷன் பதிப்பில் இருந்த குரல் நடிப்பும் ஆர்க்கெஸ்ட்ரா இசையும் போனுக்கு வரவில்லை. ஆனால் சண்டையில் எந்த இழப்பும் இல்லை. அதே நான்கு பேர், அதே கட்டளைகள், கட்டைவிரல் எட்டும் இடத்தில். ஃபேன்டேசியன் படுத்த திரையைத் தேர்ந்தெடுத்து அழகைக் காப்பாற்றிக்கொண்டது, கையை விட்டுக்கொடுத்தது. டிராகன் குவெஸ்ட் 8 கையைக் காப்பாற்றிக்கொண்டது, அழகை விட்டுக்கொடுத்தது. இரண்டையும் ஆடியவன் என்ற முறையில், போனில் நான் முடித்தே தீருவேன் என்று நம்பி ஆடக்கூடியது டிராகன் குவெஸ்ட்தான் என்பேன்.

ஸ்டார் ரெயில் கண்டுபிடித்த குறுக்கு வழி

இன்று போனில் டர்ன் பேஸ்டு என்றாலே பலருக்கு நினைவுக்கு வருவது ஹொன்காய்: ஸ்டார் ரெயில். சீனாவின் மிஹோயோ தன் ஹோயோவெர்ஸ் பெயரில் 2023 ஏப்ரல் 26இல் வெளியிட்டது. அந்த ஆண்டு கேம் அவார்ட்ஸில் சிறந்த மொபைல் விளையாட்டு விருதும் அதற்குத்தான். ‘ஒத்துவருமா’ என்ற கேள்விக்கு இதைவிட உரத்த ‘ஆம்’ கிடையாது என்று வாதிடலாம்.

அமர்வு நீளம் என்ற சிக்கலை அவர்கள் தீர்த்த விதம் வேறு. தினசரி வேலைகள் சின்னச் சின்ன அறைகளாக நறுக்கப்பட்டிருக்கின்றன. ஆறு நிமிடத்துக்கு ஒன்று என்று ஊறும் சக்திப் புள்ளி தீர்ந்தால் அன்றைய வேலை முடிந்தது. சண்டையில் ஆட்டோ பட்டன், கூடவே இரட்டை வேகம். அழைப்பு வந்தால் பேசிக்கொண்டே இருக்கலாம், பாத்திரங்கள் தாமே அடித்துக்கொள்வார்கள்.

வசதிதான், மறுக்கவில்லை. ஏற்கனவே நூறுமுறை வென்ற சண்டையை நூற்றொன்றாவது முறை கையால் ஆடச் சொல்வதில் அர்த்தமும் இல்லை. பிக்சல் ரீமாஸ்டரிலும் போன கட்டளையையே திரும்பச் செய்யும் ஆட்டோ இருக்கிறது. ஆனால் உங்கள் முறை வரும்போது முடிவெடுப்பதுதான் இந்த வகையின் உயிர். அதை ஆட்டோவிடம் கொடுத்துவிட்டால் மிச்சம் இருப்பது வேடிக்கை பார்ப்பது. ஸ்டார் ரெயிலின் கடினமான சவால்களில் மட்டும்தான் அந்த முடிவெடுப்பு திரும்பி வருகிறது. அங்கே வரிசையைக் கணக்கிட்டு, சிறப்புத் திறனைப் பயன்படுத்தச் செலவாகும் ஐந்து திறன் புள்ளிகளை நான்கு பேருக்குள் பங்கிட்டு ஆடும்போது அது நிஜமாகவே நல்ல டர்ன் பேஸ்டு விளையாட்டு.

அப்புறம் காசு. விளையாட்டு இலவசம், பாத்திரங்கள் குலுக்கலில். ஐந்து நட்சத்திரப் பாத்திரம் ஒரு குலுக்கலில் கிடைக்கும் அடிப்படை வாய்ப்பு 0.6 சதவீதம், 90ஆவது குலுக்கலில் ஏதோ ஒரு ஐந்து நட்சத்திரம் உறுதி. அது நீங்கள் கேட்டவராகத்தான் இருப்பார் என்ற உறுதி கிடையாது. அந்த நறுக்கிய அறைகளும் ஊறும் புள்ளிகளும் ஆடுபவரின் வசதிக்காக மட்டும் வந்தவை அல்ல. தினமும் உள்ளே வரவைப்பதற்கும்தான். ஃபேன்டேசியனில் இது எதுவும் இல்லை. ஆர்கேடில் விளம்பரமும் கிடையாது, உள்ளே வாங்கவேண்டியதும் கிடையாது. சக்திப் புள்ளி வைக்கவேண்டிய அவசியமே இல்லாததால்தான் சகாகுச்சியால் ஒரு முடிவுள்ள கதையைச் சொல்ல முடிந்தது. அதே சுதந்திரம்தான் அவரை நீளமான, விட்டுக்கொடுக்காத பாஸ்களையும் வைக்கவிட்டது.

கன்சோலுக்குப் போனபோது மாறியவை

நியோ டைமென்ஷனில் என்னென்ன சேர்த்தார்கள் என்பதே நல்ல சாட்சியம். ஆங்கிலத்திலும் ஜப்பானியத்திலும் குரல் நடிப்பு வந்தது. சண்டை இசையாக ஃபைனல் ஃபேன்டசி வரிசையின் இசையைப் போட்டுக்கொள்ளும் வசதி வந்தது. முக்கியமாக, ‘நார்மல்’ என்ற புதிய கடினநிலை வந்தது. ஆர்கேடில் எல்லோரும் ஆடிய அசல் கடினம் ‘ஹார்ட்’ என்று பெயர் மாறியது. நேரமும் கன்ட்ரோலரும் பெரிய திரையும் வைத்திருப்பவர்களுக்கே அந்தக் கடினம் அதிகம் என்று தோன்றியிருக்கிறது. கைக்குள் அடங்கும் திரையில், விட்டு விட்டு ஆடுபவர்களுக்கு அதை ஒரே வழியாகக் கொடுத்திருந்தார்கள். போன் பதிப்பில் இருந்திருக்க வேண்டிய மாற்றம் டிவி பதிப்பில் வந்து சேர்ந்ததுதான் இதில் வேடிக்கை.

போகும்போது தொலைந்தது விரல் கோடு. ஸ்டிக்கால் குறிவைக்கலாம், துல்லியமாகவே வைக்கலாம், கண்ணை எதுவும் மறைக்காது. இருந்தாலும் கண்ணாடியில் நேரடியாக வளைத்துவிட்ட அந்தச் சுகம் அதில் இல்லை.

கிடைத்தது இன்னொன்று. ஸ்விட்சைக் கையில் வைத்து ஆடிக்கொண்டிருக்கும்போது பவர் பட்டனைத் தட்டினால் அது உறங்கும். விளையாட்டு அப்படியே நினைவகத்தில் உறைந்து நிற்கும். பேட்டரி தீராதவரை, பாஸ் சண்டையின் நடுவிலிருந்து மறுநாளும் தொடரலாம். அதற்குள் அதன் இடத்தைப் பறிக்க வேறு செயலி வராது. போனில் ஃபேன்டேசியனுக்குக் கிடைக்காமல் போன காத்திருப்பு இதுதான். போன் அளவுக்கே அருகில் வரும் ஒரு கைக்கருவியில், அதே சண்டை, அதே டைமென்ஜியன், அதே நீளமான பாஸ். ஆனால் இங்கே நீளம் யாரையும் தண்டிப்பதில்லை.

ஆப்பிள் கருவியில் ஆடப்போகிறவருக்கு ஒரு யோசனை. ஊர் சுற்றுவது, நினைவுக் காட்சிகள், டைமென்ஜியன் கணக்கு, மூன்றையும் போனில் வைத்துக்கொள்ளுங்கள். டைமென்ஜியனுக்குள் இறங்கும்போது திரையில் ஆள்காட்டி விரலையே பயன்படுத்துங்கள். பாஸ் வரப்போகிறது என்று கதை சொன்னதும் சேவ் செய்துவிட்டு ஐபேடுக்கோ டிவிக்கோ மாறுங்கள். அதற்குப் போனில்தான் ஆடியாக வேண்டும் என்றால், பின்னணியில் திறந்திருக்கும் மற்றதையெல்லாம் முதலில் மூடுங்கள், அறிவிப்புகளை நிறுத்துங்கள், பேட்டரி பாதிக்குமேல் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.